குரோஸ் ட்ரெயினர்: உடலுக்கு எதைத் தருகிறது, எதைத் தராது

முழங்காலைக் கெடுக்காது, வயிற்றைக் கரைக்கும், அரை மணி நேரத்தில் 500 கலோரியை எரிக்கும் என்று குரோஸ் ட்ரெயினரைப் பற்றிச் சொல்லப்படும் மூன்று வாக்குறுதிகளில் முதலாவது பெருமளவுக்கு உண்மை, இரண்டாவது உண்மையல்ல, மூன்றாவது நம்மில் பெரும்பாலானோருக்குப் பொருந்தாத கணக்கு. மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோர நகரங்களின் உடற்பயிற்சி நிலையங்களிலும், சில வீடுகளின் விறாந்தை மூலைகளிலும் இந்த இயந்திரம் இன்று நிற்கிறது. சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் கிளினிக் செல்பவர்கள் இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். விற்பவர்களிடமிருந்து ஒரு பதிலும், ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து வேறொரு பதிலும் கிடைக்கிறது. இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்கினால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

இயந்திரத்தின் அடிப்படை

எலிப்டிகல் என்ற பெயரிலும் விற்கப்படும் குரோஸ் ட்ரெயினர், நின்றபடியே இரண்டு மிதிபலகைகளை மாறி மாறி உழக்குவதற்கான இயந்திரம். சைக்கிளின் பெடல் முழு வட்டத்தில் சுற்றுகிறது; இதன் மிதிபலகையோ முன்பின்னாக நீண்டும் மேல்கீழாகக் குறுகியும் உள்ள நீள்வட்டப் பாதையில் செல்கிறது. பாதம் பலகையை விட்டு எழும்புவதே இல்லை. பெரும்பாலான இயந்திரங்களில் மிதிபலகைகளோடு இணைந்த இரண்டு உயரமான கைபிடிகளும் முன்னும் பின்னும் அசைவதால், கால் தள்ளும் அதே நேரத்தில் கையும் தள்ளவோ இழுக்கவோ முடிகிறது.

லாரி மில்லர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், தமது மகள் ஓடுவதைப் படம்பிடித்து, பாதம் செல்லும் பாதையை ஆராய்ந்து இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. ப்ரீகோர் நிறுவனம் 1995இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதாவது ட்ரெட்மில், நிலைத்த சைக்கிள் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது மிகவும் பிந்தி வந்த கருவி.

மிதிபலகைகள் ஒரு பாரமான சில்லைச் சுழற்றுகின்றன. அந்தச் சில்லு எவ்வளவு இலகுவாகச் சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எதிர்விசையையே தடை என்கிறோம். இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் இந்தத் தடையைத் தருவது காந்தம். சுழலும் உலோகச் சில்லுக்கு அருகே காந்தம் வரும்போது உலோகத்துக்குள் சுழி மின்னோட்டங்கள் தோன்றி, சுழற்சியை எதிர்க்கின்றன. எதுவும் எதனோடும் உரசாததால் தேய்மானம் குறைவு, சத்தமும் குறைவு. குமிழைத் திருகும்போது காந்தம் சில்லை நெருங்குகிறது, தடை கூடுகிறது. உள்ளே நடப்பது இவ்வளவுதான். வீட்டுப் பாவனைக்கென்று இங்கு பலரும் ஓர்பிட்ரெக் என்று அழைக்கும் இலகுவான இயந்திரங்கள் சிலவற்றில் விசிறிச் சில்லோ, சில்லைச் சுற்றி இறுகும் பட்டியோ இந்த வேலையைச் செய்கிறது. விசிறிச் சில்லில் வேகமாக உழக்கினால் காற்றின் எதிர்ப்பும் தானாகவே கூடும்.

இதயத்துக்கும் தசைக்கும் கிடைப்பது

பெரிய தசைகள் தொடர்ந்து பல நிமிடங்கள் இயங்கும்போது அவற்றுக்கு ஒட்சிசன் இடைவிடாமல் வேண்டியிருக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இதயம் கூடிய வேகத்திலும் கூடிய விசையிலும் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த வகை உழைப்பைத்தான் காற்றுவழிப் பயிற்சி என்கிறோம். விரைந்த நடை, ஓட்டம், நீச்சல், சைக்கிள் ஆகியவை இந்த வகையின. குரோஸ் ட்ரெயினரும் இதே வகைதான். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பெரிய அளவில் முதலில் காட்டியவர் பிரித்தானிய வைத்தியர் ஜெரி மொரிஸ். லண்டனின் இரட்டைத் தட்டு பஸ்களில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக ஏற்பட்டதை 1953இல் அவர் வெளியிட்டார். அந்த நடத்துநர்கள் எந்த இயந்திரத்திலும் ஏறியதில்லை என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வாரக்கணக்கில் தொடரும் காற்றுவழிப் பயிற்சி உடலுக்குள் பின்வரும் மாற்றங்களைக் கொண்டுவருகிறது.

1. ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. ஆகவே ஓய்வாக இருக்கும்போது குறைந்த எண்ணிக்கையிலான துடிப்புகளே போதுமாகின்றன.

2. தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்களும், உணவைச் சக்தியாக மாற்றும் இழைமணிகளும் பெருகுகின்றன. படியேறும்போது முன்பு வாங்கிய மூச்சு இப்போது வாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

3. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் மேல் அழுத்தம் சராசரியாக 5 முதல் 8 மில்லிமீற்றர் இரச அளவுக்குக் குறைகிறது. மருந்துக்குப் பக்கத்தில் வைத்து எண்ணத்தக்க பயன்தான் இது. ஆயினும் அதை நம்பி மருந்தை நிறுத்துவதற்கு இடமில்லை.

4. சுருங்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே இரத்தத்திலுள்ள குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பின்னும் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை உடல் இன்சுலினுக்கு மேலும் நன்றாகச் செவிசாய்க்கிறது.

நான்காவது பயன் நமது நாட்டுக்கு மிகவும் வேண்டியது. 2018-19 காலப்பகுதியில் இலங்கையில் நடந்த தேசிய அளவிலான ஆய்வொன்றில் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. பயிற்சியின் விளைவு ஒன்று முதல் மூன்று நாட்களில் தேய்ந்துவிடுவதால், நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியில்லாமல் இருக்கக் கூடாது என்று அறிவுறுத்தப்படுகிறது. சனி, ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரம் உழக்கிவிட்டு ஐந்து நாள் விட்டுவிடுவது இந்த நோக்கத்துக்கு அவ்வளவாக உதவாது.

இந்த நான்கில் எதுவும் குரோஸ் ட்ரெயினருக்கு மட்டுமே உரியதல்ல. ஒரே அளவு கடுமையோடு ஒரே அளவு நேரம் செய்தால் எந்தக் கருவியிலும் இதயம் ஏறத்தாழ ஒரே முன்னேற்றத்தையே காட்டுகிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பெண்கள் மூன்று குழுக்களாக 12 வாரம் பயின்றார்கள்: ஒரு குழு ட்ரெட்மில்லில் ஓடியது, ஒரு குழு படியேறும் இயந்திரத்தைப் பாவித்தது, மற்றது எலிப்டிகலை உழக்கியது. உச்ச ஒட்சிசன் பயன்பாடு, அதாவது உடல் முழு மூச்சாக உழைக்கும்போது பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு, மூன்று குழுக்களிலும் ஒத்த விதமாகவே உயர்ந்தது. ஆகவே ஓடுவதைவிட இது மேல், நடப்பதைவிட இது மேல் என்று பொதுப்படச் சொல்லும் விளம்பரங்களைத் தள்ளிவிடலாம். இயந்திரத்தின் தனிச் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது.

தசைகளைப் பொறுத்தவரை, தொடையின் முன்புறத் தசைகளும் பிட்டத் தசைகளும் பெரும்பங்கு உழைக்கின்றன. தொடையின் பின்தசையும் கெண்டைக்கால் தசையும் துணை நிற்கின்றன. பின்னோக்கி உழக்கினால் தொடையின் முன்தசை மேலும் கடுமையாக வேலை செய்யும். கைகளின் பங்கு அவரவர் எவ்வளவு மனதோடு தள்ளி இழுக்கிறார் என்பதைப் பொறுத்தது. பலர் அசையும் கைபிடியில் கையைச் சும்மா வைத்திருக்கிறார்கள். அப்போது கால்தான் கையையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருக்கிறது.

மூட்டுக்கு நன்மை, எலும்புக்குக் குறைவு

ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையைத் தொடும்போதும், உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை கால் வழியே மேலே ஏறுகிறது. நடக்கும்போது அது உடல் எடைக்குச் சற்று மேல். குரோஸ் ட்ரெயினரில் பாதம் பலகையிலேயே ஒட்டியிருப்பதால் தரையில் விழுந்து மோதும் கணம் என்று ஒன்று இல்லை. விசை மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. இதயத்தை ஓட்டத்துக்கு நெருக்கமான அளவுக்கு உழைக்க வைத்துக்கொண்டே மூட்டுக்கு அந்த இடியைக் கொடுக்காமல் விடுவதுதான் இந்த இயந்திரத்தின் உண்மையான சிறப்பு. உடல் பருமன் உள்ளவர்களுக்கும், முழங்கால் தேய்வின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கும், குதிக்கால் வலியால் விரைந்து நடக்க முடியாதவர்களுக்கும் இது பெரிய காரியம். எடை கூடிய, முழங்கால் தேய்வுள்ள முதியோரில் நடந்த ஆய்வொன்றின்படி உடல் எடை 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. வலியால் நடக்க முடியாமல், நடக்காததால் எடை கூடி, எடையால் வலியும் கூடும் சுற்றிலிருந்து வெளியே வர இயந்திரம் ஒரு வழியைக் கொடுக்கிறது.

ஆனாலும் இடி இல்லை என்பதற்காகச் சுமையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சாதாரண நடையைவிட இதில் முழங்கால் கூடுதலாக மடங்குகிறது. தொடையின் முன்தசை கூடுதலாக இழுக்கிறது. அந்தத் தசை இழுக்கும்போது முழங்காற் சில்லு தொடையெலும்பின் மேல் அழுத்தப்படுகிறது. ஆகவே முழங்காலின் முன்பக்கம், குறிப்பாகப் படி இறங்கும்போது, வலி உள்ளவர்களுக்குத் தடையைக் கூட்டி உழக்குவது வலியைக் கூட்டலாம். அவர்கள் குறைந்த தடையில், குறுகிய நேரத்தில் தொடங்கி, மறுநாள் காலை முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். பயிற்சியின்போது வலி இல்லாமல் மறுநாள் வீக்கம் வந்தால் செய்த அளவு கூடிவிட்டது என்று பொருள்.

மூட்டுக்கு நன்மையான அதே இயல்பு எலும்புக்குக் குறைபாடாகிறது. எலும்பு உறுதிப்படுவதற்கு அதன்மேல் திடீரென்று சுமை விழுந்து எழ வேண்டும். குதித்தல், ஓடுதல், பாரம் தூக்குதல் போன்றவை அந்தத் தூண்டலைக் கொடுக்கின்றன. நின்றபடி உடல் எடையைத் தாங்கிச் செய்வதால் குரோஸ் ட்ரெயினர் சைக்கிளைவிட எலும்புக்குச் சற்று மேலானது. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்புத் தேய்வைத் தடுக்க இதை மட்டும் நம்பினால் போதாது. சமநிலை விடயமும் இப்படித்தான். இரு பாதமும் பலகையில், இரு கையும் பிடியில் இருக்கும்போது விழாமல் நிற்கும் திறனுக்கு எந்தச் சோதனையும் இல்லை. வயதானவர்கள் ஒற்றைக் காலில் நிற்பது, கோட்டின் மேல் நடப்பது போன்ற பயிற்சிகளை வேறாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

கலோரிக் கணக்கு எங்கே பிழைக்கிறது

உடலுழைப்பை அளக்க மெட் என்ற அலகு பயன்படுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தி 1 மெட். விரைவற்ற சாதாரண நடை 3 முதல் 3.5 மெட். உடலுழைப்பு அளவீடுகளின் தொகுப்பில் நடுத்தர வேகத்தில் எலிப்டிகல் உழக்குவதற்குக் கொடுக்கப்பட்ட அளவு 5 மெட். மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் அது 10 மெட்டை நெருங்கும்.

70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மெட் அளவை 3.5 ஆலும் எடையாலும் பெருக்கி 200 ஆல் வகுத்தால் ஒரு நிமிடச் செலவு கிடைக்கும். 5 மெட்டுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 கலோரி. அரை மணி நேரத்துக்கு 184. அந்த அரை மணி நேரமும் அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்திருந்தாலே 37 கலோரி செலவாகியிருக்கும் என்பதால், பயிற்சியால் உண்மையில் கூடியது 147. அவித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி இருக்கிறது. பகல் சாப்பாட்டின்போது கோப்பையில் இரண்டாம் தரம் போட்டுக்கொள்ளும் சோறு இந்தக் கணக்கை எளிதாக அழித்துவிடும்.

இயந்திரத்தின் திரை பெரும்பாலும் இதைவிடக் கூடிய எண்ணைக் காட்டுகிறது. அதற்குக் காரணங்கள் உண்டு. பல வீட்டு இயந்திரங்கள் பாவிப்பவரின் எடையைக் கேட்பதே இல்லை. ஏதோ ஒரு சராசரி எடையைத் தாமே வைத்துக்கொள்கின்றன. சில மலிவான திரைகள் சில்லு எத்தனை தரம் சுற்றியது என்பதை மட்டும் எண்ணுகின்றன. தடை ஒன்றில் இருந்தாலும் எட்டில் இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். கைபிடியில் சாய்ந்து தொங்கிக்கொண்டு உழக்குபவரை இயந்திரத்தால் கண்டுபிடிக்கவும் முடியாது. உடல் எடையில் ஒரு பகுதியைக் கை தாங்கிக்கொள்வதால் காலின் வேலை குறைகிறது, திரையின் எண் மட்டும் குறையாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒருவர் திரையைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே அவருடைய தோள்கள் காது வரை உயர்ந்து, முழங்கைகள் நீட்டிப் பூட்டியபடி இருந்தால் இதுதான் நடக்கிறது.

எடைக் குறைப்புக்கு இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? 1 கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 147 கலோரி என்றால், உணவு கூடாமல் அப்படியே இருக்கும்போது 1 கிலோ குறையப் பத்து வாரங்களுக்கு மேல் ஆகும். உணவைக் கட்டுப்படுத்தாமல் இயந்திரத்தால் மட்டும் மெலிய முயன்றவர்கள் மூன்றாம் மாதம் அதன்மேல் சாரத்தையும் துவாயையும் காயப்போடத் தொடங்குவதற்கு இந்த மெதுவான வேகமே காரணம். குறையும் கொழுப்பும் வயிற்றிலிருந்துதான் போகும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஓர் உறுப்பை அசைப்பதால் அந்த உறுப்பின் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. எங்கிருந்து எடுப்பது என்பதை உடலின் பரம்பரையும் ஹோர்மோன்களும் தீர்மானிக்கின்றன. அதேவேளை, எடை ஒரு கிலோகூடக் குறையாதவருக்கும் இரத்த அழுத்தமும் இன்சுலின் செயற்பாடும் சீர்படுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தராசு அசையவில்லை என்று பயிற்சியை விடுவது அந்தப் பயன்களையும் சேர்த்து விடுவதாகும்.

எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தரக் கடுமையிலோ, 75 முதல் 150 நிமிடம் உயர் கடுமையிலோ காற்றுவழிப் பயிற்சி செய்ய வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். ஒரு தடவையில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனை இந்த வழிகாட்டலில் இல்லை. காலையில் எட்டு நிமிடம், மாலையில் பன்னிரண்டு நிமிடம் என்று பிரித்தாலும் சேரும். பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடுபவர்களுக்கு இது சிறிய சலுகையல்ல.

கடுமையை அளக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது பேச்சுச் சோதனை. உழக்கிக்கொண்டே முழு வாக்கியங்களாகப் பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அது நடுத்தரம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் உயர் கடுமை. கருவி எதுவும் தேவையில்லாத இந்தச் சோதனை பெரும்பாலானோருக்குப் போதுமானது என்பதே என் கருத்து.

இரண்டாவது நாடித்துடிப்பு. 220 இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பின் அண்ணளவான எண் கிடைக்கும்; அதில் 64 முதல் 76 வீதம் வரை நடுத்தரக் கடுமை. 45 வயதுக்காரருக்கு உச்சம் 175, நடுத்தர எல்லை 112 முதல் 133 வரை. கைபிடியிலுள்ள உலோகத் தகடு காட்டும் துடிப்பு, கை ஈரமாகவோ அசைந்தபடியோ இருக்கும்போது தாறுமாறாக வரும். இறங்கியவுடன் மணிக்கட்டில் 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவது அதைவிட நம்பகமானது.

மூன்றாவது, தானே உணரும் கடுமை. பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பிட்டால் ஐந்து, ஆறு நடுத்தரம். பிறஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனொலோல், பிசோப்ரொலோல், ப்ரொப்ரானொலோல் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் இந்த வழியையும் பேச்சுச் சோதனையையுமே பயன்படுத்த வேண்டும். அந்த மாத்திரைகள் நாடித்துடிப்பைத் தாழ்த்தி வைப்பதால், மேலே சொன்ன எண்ணை எட்டியே தீருவது என்று முயல்வது ஆபத்தாக முடியும்.

புதிதாகத் தொடங்குபவர் ஆகக் குறைந்த தடையில் 5 முதல் 10 நிமிடம் செய்து, முதலில் நேரத்தையும் பின்னர் தடையையும் கூட்டுவது நல்லது. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டினால் முழங்காலும் இடுப்பும் முறையிடும். 30 நிமிடம் வசதியாகச் செய்ய வந்த பிறகு, ஒரு நிமிடம் கடுமையாகவும் இரண்டு நிமிடம் இலகுவாகவும் மாறி மாறி உழக்கலாம். குறைந்த நேரத்தில் இதயத்துக்குக் கூடிய வேலை கிடைக்கும்.

கரையோர வெப்பத்தில் கவனிக்க வேண்டியது

ஓடுபவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் அவர்களது வேகமே காற்றை உண்டாக்குகிறது. குரோஸ் ட்ரெயினரில் நிற்பவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். உடலைக் குளிர்விப்பது வியர்ப்பதல்ல, வியர்வை ஆவியாவது. வாவியும் கடலும் சூழ்ந்த மட்டக்களப்பின் ஈரமான காற்றில், மூடிய அறையில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது. உடல் வெப்பம் ஏறுகிறது. வெப்பத்தை வெளியேற்ற இரத்தம் தோலுக்குத் திரும்புவதாலும், வியர்த்து நீர் குறைவதாலும், அதே வேகத்தில் உழக்கிக்கொண்டிருந்தாலும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போகும். அதைப் பயிற்சியின் பலன் என்று எண்ணிவிடக் கூடாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீற் கூரைக்குக் கீழே பிற்பகல் மூன்று மணிக்கு உழக்குவதில் எந்தப் பெருமையும் இல்லை. அதிகாலையிலோ இரவிலோ, யன்னலைத் திறந்து, மின்விசிறியை உடலுக்கு நேரே வைத்துச் செய்ய வேண்டும். தலைச்சுற்று, குமட்டல், வியர்வை திடீரென நின்றுபோதல் ஆகியன வந்தால் உடனே நிறுத்திக் குளிர்ந்த இடத்தில் அமர வேண்டும். மறுபுறம், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை மழையில் வீதிகள் வெள்ளத்தில் கிடக்கும் காலத்தில், நடைப்பயிற்சி நின்றுபோகும் வீடுகளில் இந்த இயந்திரம் தன் விலைக்குரிய வேலையைச் செய்கிறது. தனியே அதிகாலை வீதியில் இறங்க வசதியில்லாத பெண்களுக்கும், நாய்த் தொல்லைக்கு அஞ்சுபவர்களுக்கும் அப்படியே. கல்லடிப் பழைய பாலத்திலோ கடற்கரையிலோ நாள்தோறும் நாற்பது நிமிடம் விரைந்து நடப்பவர், முழங்காலும் நன்றாக இருந்தால், இதை வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மருந்து எடுப்பவர்கள்

1. இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் பயிற்சியின்போது குளுக்கோஸ் தாழ்ந்துபோகும் ஆபத்தில் இருக்கிறார்கள். தாழ்வின் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், படபடப்பு. உழக்கும்போது இந்த மூன்றும் சாதாரணமாகவே வருவதால் அடையாளம் தெரியாமல் போய்விடும். தொடங்குமுன் அளந்து பார்க்க வேண்டும். குளுக்கோஸ் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதாவது மாப்பொருள் உணவு சாப்பிட்ட பின்பே ஏற வேண்டும். குளுக்கோஸ் உருண்டையோ சீனி கலந்த பானமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

2. இந்த மருந்துகளோடு ரமழான் நோன்பு நோற்பவர்கள் நோன்பு திறப்பதற்கு முந்திய மணித்தியாலங்களில் கடும் பயிற்சி செய்வதைத் தவிர்க்க வேண்டும். குளுக்கோசும் நீரும் ஆகக் குறைந்திருக்கும் நேரம் அது. நோன்பு திறந்து இரண்டு மணித்தியாலம் கழித்துச் செய்யலாம். நீண்ட இரவுத் தொழுகையில் குனிந்து நிமிர்வதையும் அன்றைய உடலுழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

3. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு ஏறவே கூடாது. பலகையின் விளிம்பில் தோல் உரசிப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது.

4. நீரிழிவால் கண்ணின் விழித்திரையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர்களும், நெஞ்சு வலி அல்லது மாரடைப்பு வந்தவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் குளுக்கோசும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. இயந்திரத்துக்குப் பணம் கட்டுமுன் அங்கே ஒரு நாள் போய்வருவது பயனுள்ளது.

வாங்குவதற்கு முன்

முதலில் கவனிக்க வேண்டியது எட்டின் நீளம், அதாவது ஒரு மிதிபலகை முன்னே இருக்கும்போது மற்றதற்கும் அதற்கும் உள்ள இடைவெளி. சிறிய வீட்டு இயந்திரங்களில் அது 12 முதல் 16 அங்குலம். உடற்பயிற்சி நிலையங்களில் உள்ளவற்றில் 18 முதல் 21. உயரமான ஒருவர் குறுகிய எட்டில் ஏறினால் நடப்பதற்குப் பதிலாக ஒரே இடத்தில் படி மிதிப்பதுபோல் இருக்கும். முழங்கால் அநாவசியமாக மடங்கும். அடுத்தது இரு பலகைகளுக்கும் நடுவிலுள்ள அகலம். கால்கள் விரிந்து நின்றால் இடுப்பில் வலி வரும். மூன்றாவது சில்லின் பாரம். பாரம் குறைந்த சில்லு ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி வெட்டி ஓடும். இயந்திரம் தாங்கக்கூடிய எடையையும் கேட்டறிய வேண்டும்.

கடையில் படத்தைப் பார்த்து வாங்காமல் சப்பாத்தோடு ஏறி ஐந்து நிமிடம் உழக்கிப் பார்க்க வேண்டும். பலகை கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது டொக் என்று ஒரு சத்தம் கேட்டால் மூட்டாணி தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஏறும்போது கீழே இருக்கும் பலகையில்தான் முதலில் கால் வைக்க வேண்டும். மேலே இருப்பதில் வைத்தால் அது திடீரென்று கீழே போய் ஆளைத் தள்ளிவிடும். நாம் நிறுத்தினாலும் சில்லு சில கணம் சுழன்றுகொண்டிருப்பதால் சிறு பிள்ளைகளின் விரல்கள் அருகில் வராமல் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

காந்தத் தடையுள்ள கைமுறை இயந்திரங்களுக்கு மின்சாரம் தேவையில்லை. திரைக்குச் சிறிய பற்றரி போதும். மின்வெட்டு நேரத்திலும் உழக்கலாம். கரையோர வீடுகளில் இதற்குப் பெரிய எதிரி உப்புக் காற்றும் சொட்டும் வியர்வையும்தான். மிதிபலகைத் தண்டு உருளும் இடத்திலும், கைபிடியின் அடி மூட்டிலும், வியர்வை வழிந்து தங்கும் ஆணித் தலைகளிலும் முதலில் துரு பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை ஆணிகளை இறுக்கி, கையேட்டில் சொல்லப்பட்ட இடங்களில் மட்டும் எண்ணெயோ கிரீஸோ இட வேண்டும். பட்டியில் எண்ணெய் பட்டால் அது வழுக்கத் தொடங்கிவிடும்.